எரிந்து முடிந்த நிறங்கள்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையில் பழைய டீக்கடை ஒன்றுக்குள் நுழையுங்கள். மேற்கு வெயில் விழும் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். நாலைந்து வருடத்துக்கு முந்தையதாக இருக்கும். முருகன் படம் என்பதால் கழற்றிப் போட மனம் வராமல் விட்டிருப்பார்கள். அச்சாகி வந்த அன்று செவ்வாடையும் சந்தனமும் பச்சை மயிலுமாக இருந்த முருகன், இப்போது நீலமாக நிற்பார். முகம் நீலம், ஆடை நீலம், வேலும் நீலம். கண்ணின் கருமணியும் கீழே உள்ள கடைப் பெயரும் மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

இதைப் பார்க்காதவர் கிடையாது. ஆனாலும் இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை: எல்லா நிறமும் வெளிறிப் போக, நீலமும் கறுப்பும் மட்டும் ஏன் நிற்கின்றன?

அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேடு வருகிறது. 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல் துண்டுகள், சுடுமண் ஆட்டக்காய்கள், மணிகள், பானை ஓடுகள் எனக் குழிகள் தந்துகொண்டே இருந்தன. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். நடுவே ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட குடியிருப்பு. அந்த ஓடுகளைக் கழுவிக் காயவைத்தால் சிவப்பு சிவப்பாகவும் கறுப்பு கறுப்பாகவும் இருக்கின்றன. நாலு வருடத்துக் காலண்டர் தோற்ற இடத்தில் ஈராயிரம் ஆண்டைத் தாண்டிய ஓடு தோற்கவில்லை.

"மண்ணுக்குள் இருட்டில் கிடந்தது, அதனால் வாடவில்லை" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைக் கரிசல் காட்டிலேயே பார்க்கலாம். உழவு மாடும் டிராக்டரும் புரட்டிப்போட்ட பழைய ஓடுகள் வரப்பில் வருடக்கணக்காகக் கிடக்கும். விருதுநகர் வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலிலும் அவை நிறம் மாறுவதில்லை. அப்படியானால் காரணம் இருட்டில் மட்டும் இல்லை, நிறத்திலேயே இருக்கிறது.

தாழிக்குள் வைத்த கலம்

இந்தக் கேள்விக்கு மிகச் சிறந்த சாட்சிகள், இறந்தவர்களுக்காக வைக்கப்பட்ட கலங்கள். வாழும் வீட்டுப் பானை உடையும், தேயும், கரிபிடிக்கும். கல்லறைக்குள் வைத்த பானையோ, வைத்த நாளின் நிறத்தோடு காத்திருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து சுமார் 24 கிலோமீட்டரில், தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரப்புள்ள புதைமேடு. பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் 1876-ல் முதலில் தோண்டினார். அதன்பின் 1899 முதல் 1905 வரை இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரியா பெரிய அளவில் தோண்டினார். ஆளை உட்கார வைக்கும் அளவுக்குப் பெரிய முதுமக்கள் தாழிகள், அவற்றுக்குள் எலும்புகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள், பொன் நெற்றிப்பட்டங்கள், கூடவே கிண்ணங்களும் மூடிகளும் கிடைத்தன. ரியா எடுத்தவற்றில் பல இன்றும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

2004-05ல் மறுபடி தோண்டியபோது தொல்லியலாளர் சத்தியமூர்த்தி தலைமையிலான குழுவுக்கு ஓர் ஓடு கிடைத்தது. களிமண்ணைத் தனியாக உருட்டி ஒட்டிச் செய்த உருவங்கள் அதில் இருந்தன. ஒரு பெண், ஒரு மான், ஒரு முதலை, மரத்தின் மேல் ஒரு கொக்கு. இறந்தவருக்காக ஒரு குயவர் இத்தனை உயிர்களை வனைந்திருக்கிறார் என்று நினைக்கும்போது, அந்தப் புதைமேட்டைச் சாவின் இடமாக மட்டும் பார்க்க முடிவதில்லை.

நம் கேள்விக்கு நேராக வருவது இந்த உருவங்களைவிட எளிய ஒன்று. கறுப்பு-சிவப்புக் கிண்ணங்களின் மேல் வெள்ளையில் வரைந்த புள்ளி வரிசைகளும் கோடுகளும். ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை என்று இந்தத் தென்கோடிப் பகுதியில் கிடைக்கும் அலங்காரம் இது. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வகம் கணித்ததை 2021 செப்டம்பரில் தமிழ்நாடு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஏறக்குறைய அந்த நெல்லின் வயதுள்ள புதைமேட்டில்தான் இந்த வெள்ளைப் புள்ளிகளும் வருகின்றன. பார்த்ததும் வாசல் கோலம் ஞாபகம் வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. இரண்டையும் இணைக்கும் சான்று நம் கையில் இல்லை.

சிவப்பு, கறுப்பு, வெள்ளை. மூன்றே நிறங்கள். மூன்றும் ஏன் நின்றன என்று பார்ப்பதற்கு முன், காலண்டரில் நிற்காமல் போனது எது என்று பார்த்துவிடுவோம்.

வெயில் தின்னும் நிறம்

அச்சு மையில் நான்கு நிறங்கள்தான். நீலம், மஜெண்டா என்னும் கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இந்த நான்கையும் நுண்ணிய புள்ளிகளாகக் கலந்தே முருகனின் அத்தனை வண்ணமும் வருகிறது. மையில் நிறம் தரும் பொருளை நிறமி என்று சொல்வோம். மஜெண்டாவும் மஞ்சளும் பெரும்பாலும் கரிம நிறமிகள். அதாவது, கரி அணுக்கள் சங்கிலியாகவும் வளையமாகவும் கைகோத்து நிற்கும் மூலக்கூறுகள்.

அந்தச் சங்கிலியின் நீளமும் கோப்பும்தான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. வெள்ளை வெளிச்சம் வந்து விழும்போது அது ஒரு பங்கை விழுங்கிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருவதே நம் கண்ணுக்கு நிறம். வெயிலில் உள்ள புறஊதாக் கதிருக்குச் சங்கிலியின் ஒரு கண்ணியை அறுக்கும் வலிமை உண்டு. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. மூலக்கூறு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பழைய கோப்பு இல்லை, அதனால் பழைய நிறமும் இல்லை. இதற்கு ஒளிச்சிதைவு என்று பெயர் வைக்கலாம். கொஞ்சம் யோசித்தால் இது மிக மெதுவாக நடக்கும் எரிதல். அடுப்பில் நிமிடத்தில் நடப்பது சுவரில் வருடக்கணக்கில் நடக்கிறது.

காலண்டர் நீலத்தின் மூலக்கூறும் கரிமம்தான். ஆனால் அதன் நடுவே ஒரு தாமிர அணு உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி வளையங்கள் நாலு பக்கமும் இறுகப் பின்னியிருக்கின்றன. வெயிலுக்கு அதைப் பிரிப்பது கடினம். கறுப்பு மையோ வெறும் கரித்தூள். சங்கிலி அறுந்து நிறம் மாற அங்கே வேறொன்றும் இல்லை. டீக்கடை முருகன் நீலமானதன் கதை இவ்வளவுதான்: நீலமும் கறுப்பும் கூடிவிடவில்லை, மற்ற இரண்டும் எரிந்து போய்விட்டன.

கம்பி மத்தாப்பின் சாம்பல்

சிவகாசிக்கு இன்னொரு வகை நிறமும் தெரியும். வானத்தில் ஒரு நொடி நின்று மறையும் நிறம். மருந்தில் ஸ்ட்ரான்சியம் உப்பு சேர்த்தால் சிவப்பு, சோடியம் சேர்த்தால் மஞ்சள், பச்சை உப்பு என்று தொழிலில் சொல்லும் பேரியம் நைட்ரேட் சேர்த்தால் பச்சை, தாமிரம் சேர்த்தால் நீலம். 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. அன்றிலிருந்து பச்சை நிறம் இந்தப் பகுதியின் பிழைப்போடு பின்னிய பெரிய கேள்வியாகிவிட்டது.

காலண்டர் நிறம் வெளிச்சத்தை விழுங்குவதால் வருவது. மத்தாப்பு நிறம் வெளிச்சத்தை உமிழ்வதால் வருவது. தீயின் சூட்டில் துள்ளி எழுந்த அணு, அடங்கும்போது தனக்கே உரிய நிறத்தில் ஒளியை விடுகிறது. சூடு போனால் நிறமும் போயிற்று. எரியும் வரைக்கும் நிறம்.

இனி கம்பி மத்தாப்பைப் பாருங்கள். அதிலிருந்து தெறிக்கும் பொன்னிறப் பூக்கள் பெரும்பாலும் இரும்புத் தூள். ஒவ்வொரு பொறியும் காற்றில் பறந்துகொண்டே எரிகிற ஒரு துளி இரும்பு. வெள்ளையாகப் பளிச்சிடுவது அலுமினியம். எரிவது என்றால் ஆக்சிஜனோடு சேர்வது. எரிந்து முடிந்த இரும்பு, இரும்பு ஆக்சைடு ஆகிறது. எரிந்து முடிந்த அலுமினியம், அலுமினியம் ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடி ஆகிறது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் வாசலைக் கூட்டும்போது துடைப்பத்தில் வருவது இவைதான்.

அந்தச் சாம்பலை மறுபடி கொளுத்திப் பாருங்கள், பற்றாது. எரிய வேண்டியது எரிந்தாகிவிட்டது. ஆக்சிஜன் இனி அதற்கு எதுவும் செய்ய முடியாது. வெயிலும் செய்ய முடியாது. ஆதிச்சநல்லூர்க் கிண்ணத்தின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான்.

ஒரு கிண்ணத்தின் பின்னால் சூளைக்குள்

இதை மெதுவாகப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பின்னாலேயே சூளைக்குள் போவோம்.

குளத்து மண்ணோ ஆற்றங்கரை மண்ணோ, எதுவானாலும் நம் ஊர்க் களிமண்ணில் இரும்பு இருக்கும். பச்சை மண்ணில் அது நீரோடு பிணைந்து மஞ்சள் கலந்த பழுப்பாக ஒளிந்திருக்கிறது. குயவர் சக்கரத்தில் கிண்ணத்தை எடுக்கிறார். பாதி காய்ந்ததும் நன்றாக அரித்த களிமண் குழம்பை மேலே பூசுகிறார். அது இறுகும் முன் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்க்கிறார். தேய்க்கத் தேய்க்க மண்ணின் நுண்ணிய தகடுகள் படுத்துக்கொண்டு ஒரே திசையில் அடுக்காகின்றன. மெருகு வருகிறது. துளைகள் அடைபடுகின்றன. பின்னால் நடக்கப்போவதற்கு இது முக்கியம்.

காய்ந்த கிண்ணம் சூளையில் கவிழ்த்து வைக்கப்படுகிறது. உள்ளேயும் வாய்க்கு அடியிலும் வைக்கோல், உமி போன்றவை. வெளியே சுள்ளியும் எருமுட்டையும். தீ மூட்டியாயிற்று.

முதலில் ஈரம் போகிறது. 300 டிகிரி செல்சியஸ் அருகில் மஞ்சள் இரும்பு தன்னுள் பிடித்து வைத்திருந்த நீரை விட்டுவிட்டுச் சிவப்பாக மாறுகிறது. 500, 600 டிகிரியைத் தாண்டும்போது களிமண்ணும் தன் கட்டமைப்புக்குள் இருந்த நீரை இழக்கிறது. இதுவரை தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி சேறாகியிருக்கும், இனி ஆகாது. மண் மண்பாண்டமாகும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் திரும்பும் வழி இல்லை.

கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் தீயோடு காற்றும் தாராளமாக வருகிறது. இரும்பு எவ்வளவு ஆக்சிஜன் கொள்ளுமோ அவ்வளவையும் பெற்றுச் செக்கச் செவேலென்று ஆகிறது. கவிழ்த்த கிண்ணத்தின் உள்ளே நிலைமை வேறு. காற்று புகவில்லை. வைக்கோல் எரியாமல் கருகுகிறது, புகைகிறது. ஆக்சிஜனுக்கு ஏங்கும் அந்தப் புகை, களிமண்ணிலுள்ள இரும்பிடமிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. ஆக்சிஜனை இழந்த இரும்பு கறுக்கிறது. அதோடு புகையின் கரித்துகள்கள் மண்ணின் நுண்துளைகளுக்குள் புகுந்து அடைந்துகொள்கின்றன.

சூளை ஆறியபின் எடுத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு, வாய் விளிம்பும் கறுப்பு, உடல் சிவப்பு. ஒரே மண், ஒரே தீ, இரண்டு நிறம். விளிம்புக்குக் கீழே கறுப்பும் சிவப்பும் சந்திக்கும் கோடு நேராக இருக்காது. ஓரிடத்தில் ஏறியும் ஓரிடத்தில் இறங்கியும் போகும். அன்று அந்தச் சூளையில் காற்று எதுவரை புகுந்தது என்பதன் வரைபடம் அந்தக் கோடு. மூவாயிரம் வருடத்துக்கு முன் ஒரு பிற்பகலில் வீசிய காற்றை அந்தக் கிண்ணம் பதிவு செய்து வைத்திருக்கிறது. எனக்கு அருங்காட்சியகத்தில் பொன் பட்டங்களைவிட இந்தக் கோட்டின் முன்னால்தான் நெடுநேரம் நிற்கத் தோன்றும்.

இது கவிழ்த்துச் சுடும் முறை. முதலில் முழுவதும் சிவப்பாகச் சுட்டுவிட்டு, இரண்டாம் முறை விளிம்பையும் உள்ளையும் மட்டும் புகையில் கறுக்க வைத்தார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படிச் செய்தாலும் வேதியியல் ஒன்றுதான்: காற்று பட்டால் சிவப்பு, புகை பட்டால் கறுப்பு.

புகை தீட்டிய கறுப்பு

தாழியும் குயவரும் சூளையும் சங்கப் பாடல்களுக்குப் புதியவை இல்லை. புறநானூற்றின் 256-ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகன்ற தாழியாகச் செய்யச் சொல்லிக் குயவரிடம் கேட்கிறாள். 228-ஆம் பாடலில் ஐயூர் முடவனார், இறந்த சோழனுக்கு ஏற்ற தாழியை எப்படி வனையப் போகிறாய் என்று குயவரைப் பார்த்து இரங்குகிறார். அங்கே சூளையிலிருந்து இருள் திரண்டதுபோல வானில் எழும் கரும்புகை வருகிறது. எத்தனையோ பேர் அந்தப் புகையைத் துயரத்தின் படிமமாகப் படித்திருப்பார்கள். அது சரிதான். ஆனால் சூளையைத் தெரிந்தவருக்கு அதில் இன்னொன்றும் தெரியும். அந்த அடர்ந்த கரும்புகைதான் உள்ளே கலத்துக்குக் கறுப்பு தீட்டிக்கொண்டிருப்பது. புலவர் நேரில் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கறுப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை 2020-ல் வேலூர் விஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று காட்டியது. கீழடியில் கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓடுகளின் கறுப்புப் பூச்சை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கரி அணுக்கள் அங்கே நுண்குழாய்களாகச் சுருண்டிருந்தன. முடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிந்த குழாய்கள். இன்றைய ஆய்வகங்கள் வருந்திச் செய்யும் பொருள், சூளைச் சூட்டில் தானாக விளைந்து, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மண்ணுக்குள் உதிராமல் இருந்திருக்கிறது. குயவருக்கு நானோ தொழில்நுட்பம் தெரியும் என்று இதை வைத்துப் பெருமை பேச வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்தது, எந்தப் புகை எவ்வளவு நேரம் நின்றால் கறுப்பு அழியாது என்பது. அந்த அறிவே போதுமான பெருமை.

வெள்ளைப் புள்ளி

சிவப்பும் கறுப்பும் தீயின் வேலை. வெள்ளை மட்டும் கையின் வேலை.

இரும்பு உள்ள எந்த மண்ணைப் பூசினாலும் சூளையில் சிவக்கும் அல்லது கறுக்கும். வெள்ளை வேண்டுமென்றால் இரும்பே இல்லாத ஒன்று வேண்டும். அதற்கு உலகெங்கும் குயவர்கள் தேடிப்போனவை இரண்டு: வெண்களிமண், சுண்ணாம்பு. வெண்களிமண்ணில் இருப்பவை சிலிக்கானும் அலுமினியமும், இரண்டும் ஏற்கெனவே ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்த நிலையில். மத்தாப்பில் வெள்ளையாய்ச் சீறிய அலுமினியம் எரிந்து அடங்கிப் போய்ச் சேரும் நிலை அது. சுண்ணாம்பும் அப்படியே. பூமி அவற்றை எப்போதோ எரித்து முடித்துவிட்டது. குயவர் அந்தச் சாம்பலைத் தொட்டுப் புள்ளி வைக்கிறார், அவ்வளவுதான்.

புள்ளியைச் சுடுவதற்கு முன் வைத்தாரா, சுட்ட பின் வைத்தாரா என்பதை ஓடே சொல்லும். ஈர விரலால் தடவினால் கையோடு வருவது சுட்ட பின் வைத்தது. மேற்பரப்போடு ஒட்டி ஒன்றாகி, விரலுக்கு மசியாமல் இருப்பது தீயைக் கடந்து வந்தது. அகழாய்வுக் களத்தில் ஓடுகளைக் கழுவுகிறவர்கள் வாளித் தண்ணீரில் போட்டுத் தேய்க்கும் முன் இதைத்தான் பயந்து பயந்து பார்ப்பார்கள். ஒரு நார்ப்பிரஷ் போதும், மூவாயிரம் வருடத்துப் புள்ளியைத் துடைத்துவிட.

கிரேக்கர்களுக்கு இந்தத் துயரம் நன்றாகத் தெரியும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் மக்கள், இறந்தவர்களுக்கு எண்ணெய் படைக்க லெகிதோஸ் என்ற ஒல்லியான குடுவையைச் செய்தார்கள். அன்றாடக் குடுவைகளில் கறுப்பும் சிவப்பும்; நம் கிண்ணத்தைப் போலவே காற்றையும் புகையையும் மாற்றி மாற்றி விட்டு வரவழைத்த நிறங்கள். அவை இன்றும் பளபளக்கின்றன. கல்லறைக்கு என்று செய்த குடுவைக்கோ வெண்களிமண் பூச்சு. சுட்டு எடுத்த பின் அந்த வெள்ளையின் மேல் நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என்று தூரிகையால் தீட்டினார்கள். கல்லறை வாசலில் நிற்கும் பெண், விடைபெறும் மகன், படகோட்டி என மனதை உருக்கும் சித்திரங்கள். தீயைக் கடக்காத அந்த நிறங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. இன்று அருங்காட்சியகத்தில் பார்த்தால் கோடு இருக்கும், ஆடை இருக்காது. உடலைச் சுற்றி வரைந்த துணியின் நிறம் போய், உள்ளே முதலில் வரைந்த உடல் மட்டும் வெற்றாக நிற்கும்.

அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றே நினைக்கிறேன். சில குடுவைகளுக்குள் கழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் குப்பியை மறைத்து ஒட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாலே குடுவை நிறைந்ததுபோல் தெரியும். ஒருமுறை வைத்தால் போதும் என்ற பொருளுக்கு வாழ்நாள் முழுவதும் நிற்கும் நிறம் எதற்கு? குடும்பத்தின் செலவையும் அன்பையும் அருகருகே காட்டும் அந்தக் குப்பியைப் பார்த்தால், ஏதென்ஸ் நமக்கு அவ்வளவு தூரமாகத் தெரியாது.

சுண்ணாம்புக்குள் பூட்டிய ஓவியம்

கலத்தைச் சூளையில் வைக்கலாம். சுவரை எங்கே வைப்பது?

தமிழ்நாட்டில் கல்லறைச் சுவரில் சித்திரம் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்துக்குப் போகலாம். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய கல்திட்டைகள். உட்பக்கத்துக் கற்களில் வெள்ளையில் தீட்டிய மனித உருவங்களும் விலங்குகளும். திறந்த கல்லின் மேல் பூசிய வெறும் வண்ணம் என்பதால் மழையும் கையும் பட்டு மங்கி வருகின்றன.

கிரேக்கத்தின் வடக்கே வெர்கினாவில் 1977-ல் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ் திறந்த மாசிடோனிய அரச கல்லறைகளில் நிலைமை வேறு. சுமார் 110 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய மண்மேட்டுக்கு அடியில் அவை இருந்தன. ஒன்றின் சுவரில், பாதாள அரசன் ஹேடிஸ் பெர்செபோனியைத் தேரில் தூக்கிக்கொண்டு போகும் காட்சி. பக்கத்துக் கல்லறை முகப்பில் ஐந்தரை மீட்டர் நீள வேட்டைக் காட்சி. அலெக்சாந்தரின் தந்தை பிலிப்பின் கல்லறை அது என்று ஆண்ட்ரோனிகோஸ் சொன்னார். வேறு கருத்துடையவர்களும் உண்டு. நிறங்கள் இன்னும் இருக்கின்றன, தேர்ச் சக்கரம் சுழலும் வேகம் உட்பட.

அங்கே சூளையின் வேலையைச் செய்தது சுண்ணாம்பு. இதை விளக்க விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆலங்குளத்திலும் ஆர்.ஆர். நகரிலும் சிமென்ட் ஆலைகள் வந்ததே காலடியில் சுண்ணாம்புக்கல் கிடப்பதால்தான். அந்தக் கல்லைச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. மிஞ்சிய கட்டியைத் தண்ணீரில் நீற்றினால் குழைந்த சுண்ணாம்பு. அதைச் சுவரில் பூசி, ஈரம் இருக்கும்போதே வண்ணம் தீட்டினால், காயக் காயச் சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது, மறுபடி கல்லாகிறது. புதிதாக முளைக்கும் அந்தக் கல் பளிங்குகளுக்குள் நிறமித் துகள்கள் பூட்டப்பட்டுவிடுகின்றன. வண்ணம் சுவரின் மேல் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. ஈரம் காயும் முன் முடித்தாக வேண்டும் என்பதால் ஓவியர் விரைந்து வரைந்திருக்கிறார். பெர்செபோனி காட்சியில் ஈரப் பூச்சில் கீறிய முதல் வரைகோடுகளை இன்றும் காணலாம்.

எல்லா நிறமியும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது. தாங்குபவை காவி, மஞ்சள் மண், கரி, அப்புறம் ஒரு நீலம். மீண்டும் இரும்பு, மீண்டும் கரி.

தாமிரத்தின் மூன்று நீலங்கள்

அந்த நீலத்தோடுதான் நாம் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

மணல், சுண்ணாம்பு, தாமிரம், கொஞ்சம் சோடா உப்பு. இவற்றைக் கலந்து 850 முதல் 950 டிகிரி வரையான சூட்டில் பல மணி நேரம் வைத்தால் ஒரு நீலக் கட்டி கிடைக்கும். எகிப்தியர் கண்டுபிடித்த இந்த எகிப்திய நீலம்தான் மாசிடோனியக் கல்லறைச் சுவர்களுக்கும் போனது. இங்கும் நிறம் தருவது தாமிரம். ஒவ்வொரு தாமிர அணுவும் நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவே, கண்ணாடி போன்ற ஒரு கட்டமைப்புக்குள் சிக்கியிருக்கிறது.

பட்டாசில் நீலம் எடுப்பது உலகம் முழுவதுமே தொழிலில் கடினமான வேலை. தீயில் தாமிரமும் குளோரினும் சேர்ந்த சிறு மூலக்கூறு உருவாகி, அது ஒளிவிட வேண்டும். சூடு குறைந்தால் வெளிச்சம் போதாது. கூடினால் மூலக்கூறே உடைந்து நீலம் வெளுத்துவிடும். அந்தக் குறுகிய வரம்புக்குள் மருந்தை நிறுத்துவது, கலவை அறையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்பவர்களின் கைத்திறன். நாம் அண்ணாந்து பார்க்கும் இரண்டு நொடி நீலத்துக்குப் பின்னால் அந்தக் கைகள் இருக்கின்றன.

ஆக, தாமிரத்துக்கு மூன்று நீலங்கள். வானத்தில் ஒன்று, இரண்டு நொடி. டீக்கடைச் சுவரில் ஒன்று, சில வருடங்கள். கல்லறைச் சுவரில் ஒன்று, இரண்டாயிரத்து முந்நூறு வருடங்கள். அணு ஒன்றேதான். அதைச் சுற்றி யார் கைகோத்து நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது ஆயுள்.

எகிப்திய நீலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது திருப்பி வீசும். அகச்சிவப்பைப் பார்க்கும் கேமராவில் மற்றதெல்லாம் இருண்டு கிடக்க, நீலம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக ஒளிரும். வெறும் கண்ணுக்கு நிறம் முழுதும் உதிர்ந்துபோன பளிங்குச் சிலையிலும் ஒன்றிரண்டு துகள் ஒட்டியிருந்தால் போதும். ஜொவான்னி வெர்ரி என்ற ஆய்வாளர் 2009-ல் லண்டனில் உள்ள பார்த்தினான் சிற்பங்களில் இப்படித்தான் நீலத்தின் சுவடுகளைக் கண்டார். வெண்மையானவை என்று இருநூறு ஆண்டுகளாக உலகம் நம்பியிருந்த சிற்பங்கள் அவை.

கறுப்பு மட்டும் ஏன் தனி?

ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். சிவப்பு எரிந்து முடிந்தது, வெள்ளை எரிந்து முடிந்தது, சரி. கிண்ணத்தின் கறுப்பு கரி ஆயிற்றே? கரி எரியும் பொருள் அல்லவா?

சரியான சந்தேகம். கறுப்பு இன்னும் எரிந்து முடியாத நிறம்தான். வெயிலின் சூடு அதைப் பற்றவைக்கப் போதாது என்பதால் அது நிற்கிறது. மெருகு துளைகளை அடைத்திருப்பதால் காற்றும் உள்ளே போவதில்லை. அதனால்தான் சூளை ஆறும் வரை குயவர் காத்திருக்க வேண்டும். கொதிக்கும் சூட்டிலேயே சூளையைத் திறந்தால், புகுந்த காற்றில் கரி எரிந்து கறுப்பெல்லாம் போய்விடும்.

இதை நீங்களே பார்க்கலாம். பழைய ஓட்டைத் தொடாதீர்கள். இன்றைய குயவர் செய்த கறுப்பு மண்சட்டி ஒன்று உடைந்திருந்தால் அதில் ஒரு துண்டு போதும். செங்கல் சூளைக்காரரிடமோ பானை சுடுபவரிடமோ கொடுத்து, காற்று நன்றாகப் படும் இடத்தில் வைத்து ஒருமுறை சுட்டுத் தரச் சொல்லுங்கள். போகும்போது கறுப்பாகப் போன துண்டு, வரும்போது முழுச் சிவப்பாக வரும். அதற்கு முன் கொஞ்சம் வெண்களிமண்ணைக் குழைத்து அதில் நாலு புள்ளி வைத்து அனுப்பியிருந்தால், அந்த நாலு புள்ளியும் அதே வெள்ளையில், இப்போது சிவப்பின் மேல் இருக்கும்.